இடம் மாற்றக்கூடிய கீபேட்: எந்தக் கீயை எங்கே வைப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறீர்கள். விண்டோஸ், அடோபி பிரீமியர். வலது கை மவுஸை விட்டு நகர்வதில்லை, இடது கை மட்டும் கீபோர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிக்கொண்டிருக்கிறது. கீகளைப் பிடுங்கி விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளும்படி, புரோகிராம் செய்யக்கூடிய கீபேட் ஏதாவது இருக்கிறதா, எதை வாங்கலாம், எந்தக் கீயை எங்கே வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது கீ நகர்வது அல்ல, கீயின் வேலை நகர்வது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சம்.

‘இடம் மாற்றலாம்’ என்று சொல்லி விற்கப்படுபவை மூன்று விதம். முதலாவது, கீயே நிஜமாக நகர்வது. 2000களின் நடுவில் அமெரிக்காவில் எர்கோடெக்ஸ் என்ற நிறுவனம் டிஎக்ஸ்1 என்று ஒன்றை விற்றது. ஒரு தட்டையான தட்டு, அதன்மேல் தனித்தனிக் கீகள். கட்டம், வரிசை எதுவும் கிடையாது. கையைத் தட்டின்மேல் தளர்வாக வைத்து, விரல் எங்கே விழுகிறதோ அங்கேயே கீயை ஒட்டிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாம். கீக்குள் பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. விமான சிமுலேட்டர் ஆடுபவர்களும் விளையாட்டுப் பிரியர்களும் அதைக் கொண்டாடினார்கள். இந்தத் துறையில் வந்த யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனாலும் பழைய பொருளாக எங்காவது கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். அந்த நிறுவனம் இன்று அதை விற்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. அதற்கான மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. சம்பாதிக்கும் மேசையில் அப்படிப்பட்ட பொருளை வைக்கக் கூடாது.

இரண்டாவது விதத்தில் கட்டம் அப்படியே இருக்கும், மேலே இருக்கும் மூடி மட்டும் மாறும். பி.ஐ. இன்ஜினியரிங் என்ற மிச்சிகன் நிறுவனத்தின் எக்ஸ்-கீஸ் வரிசை இந்த ரகம். 24, 60, 80 கீ என்று பல அளவுகளில் வருகிறது. கீயின் கண்ணாடி மாதிரியான மூடியைக் கழற்றி, உள்ளே அச்சடித்த சீட்டை வைத்து மூடிவிடலாம். இரண்டு கீயை மறைக்கும் பெரிய மூடி இருக்கிறது, வேண்டாத இடத்தை அடைக்கும் தடுப்பும் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் பில்லிங் கவுன்டர்களில் வைத்திருக்கும் பிஓஎஸ் கீபோர்டுகளும் ஏறக்குறைய இதே வடிவமைப்புதான். டிவி ஸ்டுடியோக்களில் எக்ஸ்-கீஸ் வருடக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டு உழைக்கிறது. குறை, விலை. அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் நல்ல மானிட்டர் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கனடாவில் தொடங்கிய பேலட் கியர் என்பதும் உண்டு. பட்டன், திருகு, ஸ்லைடர் என்று தனித்தனித் துண்டுகள், காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் மோனோகிராம் என்று பெயர் மாறியது. கலர் கிரேடிங், அதாவது வீடியோவின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை செய்பவருக்கு அது பொருத்தம். வெட்டி ஒட்டும் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்றாவது, இன்று எல்லா இடத்திலும் கிடைக்கும் சாதாரண மேக்ரோ பேட். கீ ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. எந்தக் கீ என்ன செய்யும் என்பதை மட்டும் நிமிடத்தில் மாற்றலாம். இதில் கியூஎம்கே என்ற திறந்தமூல ஃபர்ம்வேரில் (பேடுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஓடுகிற, வியா என்ற செயலியில் திறக்கிற பேடாகப் பார்த்து வாங்குங்கள். வியாவை எதுவும் நிறுவாமல் குரோம் உலாவியிலேயே திறக்கலாம் (ஃபயர்ஃபாக்ஸில் ஓடாது). மாற்றியவை பேடின் நினைவகத்திலேயே பதிந்துவிடும். விலை மலிவான பேடுகளில், பெயர் தெரியாத ஒரு சின்ன மென்பொருளை இறக்கி நிறுவச் சொல்பவை நிறைய. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மெக்கானிக்கல் சுவிட்சும், சால்டர் இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டும் ஹாட்ஸ்வாப் வசதியும் இருந்தால் போதும். ஒரு சுவிட்ச் போனால் நீங்களே மாற்றிவிடலாம்.

உங்களுக்கு என் சிபாரிசு இந்த மூன்றாவது ரகத்தில் 4 பத்தி, 5 வரிசை, ஆக 20 கீ. 9 கீ பேட் அழகாக இருக்கும், ஆனால் எடிட்டிங்குக்குப் பற்றாது. 40 கீக்குப் போனால் மறுபடியும் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

கணினியின் பார்வையில் இந்தப் பேடும் இன்னொரு யுஎஸ்பி கீபோர்டு, அவ்வளவுதான். ‘இங்கே வெட்டு’ என்று அது பிரீமியரிடம் சொல்வதில்லை. கன்ட்ரோலும் கேயும் அழுத்தப்பட்டன என்று விண்டோஸிடம் சொல்கிறது, மீதியை பிரீமியர் பார்த்துக்கொள்கிறது. இதனால் ஒரு பெரிய நன்மை: பேடைக் கழற்றி வேறு ஸ்டுடியோவின் கணினியில் செருகினாலும் அதே கீ அதே வேலையைச் செய்யும். அங்கே எதையும் நிறுவ அனுமதி கேட்க வேண்டாம். ஸ்ட்ரீம் டெக் மாதிரி திரை உள்ள பட்டன் பேடுகளில் இது நடக்காது. படம் மாறும் பட்டன் பார்க்க ஜோர்தான், ஆனால் அதன் மென்பொருள் பின்னால் ஓடினால்தான் அதற்கு உயிர். தவிர, பார்த்து அழுத்தும் பட்டன் எடிட்டருக்கு எதற்கு? கண் டைம்லைனில் இருக்க வேண்டும்.

சரி, அடுக்குவதற்கு வருவோம். பேப்பரில் கட்டம் போட்டு அழகாக எழுத ஆரம்பிக்காதீர்கள். பேட் கைக்கு வந்ததும் மேசையில் வைத்து, கண்ணை மூடி, இடது கையைச் சாதாரணமாக அதன்மேல் வையுங்கள். பெரும்பாலோருக்குப் பேடை நேராக வைப்பதைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்தால்தான் மணிக்கட்டு மடங்காமல் இருக்கும். இந்தச் சாய்வு சரியாக அமைந்துவிட்டால், கீயையே நகர்த்த வேண்டும் என்ற ஆசை பாதி தீர்ந்துவிடும். மெக்கானிக்கல் கீகளின் இடைவெளி 19.05 மி.மீ. என்று பொதுவாக எல்லாவற்றிலும் ஒன்றுதான். பேடின் கோணம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

விரல்கள் இயல்பாக விழுகிற வரிசை நடு வரிசை. அங்கே சுண்டுவிரலை விட்டுவிட்டு, மோதிரவிரலுக்கு ஜே, நடுவிரலுக்கு கே, ஆட்காட்டி விரலுக்கு எல். பின்னோட்டம், நிறுத்தம், முன்னோட்டம். டைம்லைன் இடமிருந்து வலம் ஓடுகிறது, விரலும் அப்படியே. அதற்கு மேல் வரிசையில் மோதிரவிரலுக்கு க்யூ, நடுவிரலுக்கு கன்ட்ரோல்-கே, ஆட்காட்டிக்கு டபிள்யூ. பிரீமியரில் க்யூ அடித்தால் பிளேஹெட்டுக்கு (டைம்லைனில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் கோடு) இடப்பக்கம் இருக்கும் மிச்சம் போய்விடும், டபிள்யூ அடித்தால் வலப்பக்கம். நடுவில் இருப்பது வெட்டு மட்டும். திரையில் என்ன நடக்கிறதோ அதுவே கையிலும் நடக்கிற மாதிரி இருப்பதால், இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. நடு வரிசைக்குக் கீழே ஐ, ஓ (துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பவை) இரண்டும் அதே இட-வல ஒழுங்கில் மோதிரவிரலுக்கும் ஆட்காட்டிக்கும், நடுவிரலுக்கு அன்டூ.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் முதல் வரிசைதான் கல்யாண வேலைக்கு உயிர்நாடி. மூன்று கேமராவில் எடுத்த முகூர்த்தத்தை மல்டிகேமில் ஓடவிட்டு, ஓடும்போதே 1, 2, 3 என்று தட்டி ஆங்கிளை மாற்றுவீர்கள் அல்லவா? மேடையைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கக் கேமரா எதுவோ அது இடது கீ, நேர் எதிரே நிற்பது நடுக் கீ, வலப்பக்கம் இருப்பது வலது கீ என்று வையுங்கள். கேமரா எண் வேறு வரிசையில் இருந்தால், மல்டிகேம் காட்சியிலேயே கேமரா வரிசையை மாற்றிக்கொள்ளலாம். கெட்டிமேளம் கொட்டுகிற அந்தச் சில நொடிகளில் ‘இது இரண்டா மூன்றா’ என்று யோசிக்க நேரமில்லை. மாப்பிள்ளையின் கை தெரியும் பக்கம் எதுவோ அந்தப் பக்கத்துக் கீயை விரல் தானாகத் தட்ட வேண்டும்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. யுஎஸ்பி கீபோர்டு கணக்கில் எழுத்துகளுக்கு மேலே இருக்கும் 1 வேறு, வலப்பக்க நம்பர் பேடில் இருக்கும் 1 வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு. பிரீமியர் மல்டிகேமுக்கு எடுத்துக்கொள்வது மேலே இருக்கும் 1ஐத்தான், நம்பர் பேடின் 1 டைம்கோடு அடிப்பதற்கு. அதனால்தான் கடையில் விற்கும் சாதாரண நம்பர் பேடை வாங்கி மாட்டினால் கேமரா மாறாது. வியாவில் கீயைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்து எடுங்கள்.

மேல் வரிசையில் நாலாவது இடமான இடது மூலை காலியாக இருக்கும். அங்கே எதையும் போடாதீர்கள். முடிந்தால் மூடியையே கழற்றிவிடுங்கள். விரல் நுனிக்கு அந்தப் பள்ளம் தட்டுப்பட்டால் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கே கீயின் மூடியில் ஒரு சொட்டுப் பசையைக் காயவிட்டு மேடு பண்ணிக்கொள்ளுங்கள், சாதாரண கீபோர்டின் எஃப், ஜே கீகளில் இருக்கும் மேடு மாதிரி. ரிப்பிள் டெலீட்டை (துண்டை அழித்து, அந்த இடைவெளியையும் மூடிவிடுவது) கீழ் வரிசையின் இடது மூலையில், சுண்டுவிரல் வேண்டுமென்றே நீண்டால்தான் எட்டும்படி வையுங்கள். அழிக்கும் கீ எதுவும் அடிக்கடி தொடும் கீயின் பக்கத்தில் இருக்கக் கூடாது. கட்டைவிரலுக்குக் கீழ் வரிசையின் வலது கோடி: அங்கே ஸ்பேஸ்பார். பக்கத்தில் சேவ். சுண்டுவிரல் பத்தியில் மிஞ்சும் மூன்று கீ ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட்டுக்கு. கீழ் வரிசையில் மீதமிருக்கும் ஒன்றை இப்போதைக்கு விட்டுவையுங்கள். தேவை தானாக வந்து கேட்கும்.

லேயர் பற்றி. லேயர் என்றால், அதே கீகளுக்கு இன்னொரு தொகுதி வேலைகள். கியூஎம்கேயில் ஒரே கீபேடை முப்பது சொச்சம் அடுக்குகளாக வைத்துக்கொள்ளலாம். யூடியூபில் ஐந்தாறு லேயர் போட்டுக் காட்டுபவர்களைப் பார்த்து மயங்காதீர்கள். எந்த லேயரில் இருக்கிறோம் என்ற நினைப்பே ஒரு பாரம். எடிட்டிங்குக்கு ஒன்று, டைட்டில் வேலைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். அதையும் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் மாறும்படி வையுங்கள். தட்டினால் மாறி அங்கேயே நிற்கும்படி வைத்தால், டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதல் வெட்டே வேறெதையோ செய்துவைக்கும்.

‘தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று’ என்ற வசதியும் அப்படித்தான். தட்டலா பிடித்தலா என்று முடிவுகட்ட ஃபர்ம்வேர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும், கியூஎம்கேயில் இது வழக்கமாக 200 மில்லிசெகண்ட். நாகஸ்வரத்தின் தாளத்துக்கு வெட்டுகிறவருக்கு அந்தத் தாமதம் கையில் உறைக்கும். முக்கியமாக ஜே, கே, எல் மூன்றிலும் இது கூடவே கூடாது. கே கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல் கீயைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகருமே, அந்தப் பழக்கமே கெட்டுவிடும். சேவ் மாதிரி அவசரமில்லாத கீயில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

மேக்ரோவிலும், அதாவது ஒரே கீயிலிருந்து பல கீகளை வரிசையாக அனுப்புவதிலும், இதே சிக்கனம்தான். ஒரு கீ ஒரு ஷார்ட்கட்டை அனுப்பினால் நம்பகமானது. ஒரே அழுத்தில் மெனுவைத் திறந்து, மூன்று முறை டேப் அடித்து, என்டர் தட்டுகிற மேக்ரோ, கணினி சற்றே திணறும் நாளில் வேறு பெட்டியில் போய் என்டர் தட்டும். ஷார்ட்கட் இல்லாத கட்டளை என்றால், முதலில் பிரீமியரிலேயே அதற்கு ஒரு ஷார்ட்கட் கொடுத்துவிட்டு, அதைப் பேடிலிருந்து அனுப்புங்கள். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆல்ட்டோடு ஓர் எழுத்து என்ற கூட்டு கைக்குக் கஷ்டம், பேடுக்குக் கஷ்டமில்லை, வேறெதோடும் மோதுவதும் குறைவு. அதோடு விண்டோஸ் கீயையும் சேர்த்துவிடாதீர்கள். நான்கும் சேர்ந்து எல் எழுத்தோடு வந்தால் விண்டோஸ் லிங்க்ட்இன்னைத் திறக்கிறது. யாருக்கு என்ன வேண்டுதலோ தெரியவில்லை.

டைட்டில் லேயர் என்றேனே, அதில் தமிழ் வருகிறது. ‘திருவளர்செல்வன்’, ‘திருவளர்செல்வி’ இரண்டையும் வாரத்துக்கு எத்தனை முறை அடிப்பீர்கள்? ஆளுக்கொரு கீ கொடுத்துவிடலாம். ஆனால் பேடுக்குத் தமிழ் தெரியாது, கீ குறியீடு மட்டும்தான் தெரியும். நீங்கள் தமிழ்99 தட்டச்சு முறை பழகியவர் என்றால், ‘திருவ’ என்பதற்கு எல், எஸ், எம், டி, வி என்று ஐந்து கீயைப் பேட் அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் தமிழ் உள்ளீடு ஆனில் இருந்தால் ‘திருவ’ வரும். இல்லாவிட்டால் அந்த ஐந்து ஆங்கில எழுத்தும் அப்படியே மணமகன் பெயருக்கு முன்னால் வந்து உட்காரும்.

இதற்கு நல்ல வழி, பேடிலிருந்து எஃப்13 முதல் எஃப்24 வரையிலான கீகளை அனுப்புவது. இன்றைய கீபோர்டுகள் எதிலும் இந்தக் கீகளை அநேகமாகப் பார்க்க முடியாது, ஆனால் யுஎஸ்பி தரத்திலும் விண்டோஸிலும் அவற்றுக்கு இடம் இருக்கிறது. ஒருவரும் பயன்படுத்தாததால் எதோடும் மோதாது. ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில், எஃப்13 வந்தால் இந்த வார்த்தையை எழுது என்று ஒரு வரி எழுதினால் போதும். யூனிகோட் எழுத்தையே நேராக அனுப்பிவிடும் என்பதால் தமிழ் உள்ளீடு ஆனா ஆஃபா என்ற கவலை இல்லை. பழைய முதல் பதிப்பில் ஸ்கிரிப்ட் கோப்பை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வைக்கும் அடையாளம்) சேர்த்த யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால்தான் தமிழ் சரியாக வரும், இரண்டாம் பதிப்பில் அந்தத் தொல்லை கிடையாது. பேட் மட்டும் இருந்தால் போதும், எதுவும் நிறுவ வேண்டாம் என்று மேலே சொன்னது இந்த ஒரு லேயருக்குப் பொருந்தாது.

பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத எழுத்துருவில் டைட்டில் போடுகிறவர் என்றால் கதையே வேறு. அங்கே திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பேடின் மேக்ரோவே போதும், ஆட்டோஹாட்கீ வேண்டாம்.

கீ நிஜமாகவே நகர வேண்டும் என்ற தேவை சிலருக்கு உண்டு. விபத்துக்குப் பிறகு இரண்டு விரல் மடங்காதவர், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையால் மட்டும் வேலை செய்பவர், 19 மி.மீ. இடைவெளி போதாத நடுங்கும் கை. இவர்களுக்குக் கட்டத்தில் அடுக்கிய எந்தப் பேடும் சரிவராது. இன்று அதைக் கையால் செய்துகொள்வது அவ்வளவு கடினமில்லை. 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னப் போர்டில் நாம் பயன்படுத்தக்கூடிய பின்கள் (வயரை இணைக்கும் கால்கள்) 26. கடைக் கீபோர்டுகளில் பின்களை மிச்சப்படுத்த வரிசை-பத்தியாகச் சுற்று அமைத்து, ஒவ்வொரு கீக்கும் ஒரு டையோடு போடுவார்கள். 20 கீக்கு 26 பின் இருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு? ஒவ்வொரு சுவிட்சின் ஒரு காலைத் தனிப் பின்னுக்கும், மற்றக் காலை எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கும் இழுத்துவிட்டால் முடிந்தது. டையோடு வேண்டாம், வெளியே ரெசிஸ்டரும் வேண்டாம், கீயை அழுத்தாதபோது பின்னை ஒரே நிலையில் வைத்திருக்கும் புல்அப் போர்டுக்குள்ளேயே இருக்கிறது.

சுவிட்ச் ஒவ்வொன்றையும் 3டி பிரின்ட் எடுத்த சின்னக் கட்டையில் பொருத்தி, அடியில் நியோடிமியம் காந்தம் ஒட்டி, ஓர் இரும்புத் தகட்டின்மேல் வைக்கலாம். வயர் மெல்லிய சிலிகோன் உறை போட்டதாக இருக்கட்டும். சாதாரண விறைப்பான வயர் கட்டையை மெல்ல இழுத்து நகர்த்திவிடும். காந்தம் நேராகத் தூக்குவதற்குத்தான் எதிர்ப்புக் காட்டும், பக்கவாட்டில் வழுக்கும். அதனால் காந்தத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வேகமாக அடிக்கும்போது கீ கொஞ்சம் கொஞ்சமாக ஓடும். மென்பொருளுக்கு கியூஎம்கேயே பிக்கோவில் ஓடும். பைதான் தெரிந்தவர் என்றால் கேஎம்கே இன்னும் சுலபம். ஒரு கையால் வேலை செய்பவருக்கு, ஷிஃப்டைத் தட்டிவிட்டால் அடுத்த கீக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒன்-ஷாட் வசதியையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். முதல் ஒன்றிரண்டு கல்யாணங்களை முடிக்கும்வரை எதையும் மாற்றுங்கள், தயங்க வேண்டாம். விரல் தவறி விழும் இடம் எது என்று கவனியுங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் விரலைத் திருத்தாதீர்கள், கீயின் வேலையை விரல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் நிறுத்திவிட வேண்டும். வாரம் ஒரு அடுக்கு மாற்றினால் கைக்கு எதுவும் பதியாது. இந்தப் பேடுகளை வாங்கி ஆறு மாதத்தில் அலமாரியில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி மாற்றிக்கொண்டே இருந்தவர்கள்தான்.

அடுக்கு நிலைத்ததும் வியாவில் அதை ஒரு கோப்பாகச் சேமித்து, ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்டோடும் பிரீமியரின் ஷார்ட்கட் கோப்போடும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். நாளைக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாறினாலும் பேடைத் தொடாதீர்கள். ரிசால்வின் ஷார்ட்கட் பக்கத்தைத் திறந்து, பேட் என்ன அனுப்புகிறதோ அதையே அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் கொடுங்கள்.